கோழித் தலை காட்டிய ஆள்

கே யாவ்தே எங்கள் திருகாணித் தொழிற்சாலையை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு வெந்த கோழியின் தலை. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் முதலில் அந்த விருந்து மேஜையில் சிரித்தவர்களில் ஒருத்திதான். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

யாவ்தேவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு. வெயிலானாலும் மழையானாலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிறச் சட்டை. காதில் இயந்திரச் சத்தத்தைத் தடுக்கும் பெரிய மஞ்சள் மூடி. மலையடிவாரத்தில் அவன் அம்மாவுக்கு ஒரு சின்னக் கொய்யாத் தோப்பு இருந்தது. அப்பா லாரி ஓட்டப் போய் ஒரு புயல் நாளில் திரும்பி வராதவர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை சந்தேகப்பட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோதுதான், பையனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதுவரை அம்மா அதற்கு வைத்திருந்த பெயர் பிடிவாதம்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவன் ஏழு இடங்களில் வேலை பார்த்திருந்தான். முதல் இடம் தெருமுனைக் கடை. கதவு திறந்தால் உரக்க வரவேற்புச் சொல்ல வேண்டும் என்று மேலாளர் சொல்லிக் கொடுத்தார். யாவ்தே சொன்னான். உள்ளே வந்தவர்களுக்குச் சொன்னான். வெளியே போனவர்களுக்கும் சொன்னான். காற்றில் கதவு திறந்தபோது காற்றுக்கும், மழைக்கு ஒதுங்கிய நாய்க்கும் சொன்னான். மூன்றாவது வாரம் மேலாளர் அவன் தோளைத் தட்டி, “கொஞ்ச நாள் வீட்ல ஓய்வெடு தம்பி, நாங்களே கூப்பிடறோம்” என்றார்.

அவன் வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்தான். கூப்பிடுவார்கள் என்று நான்கு மாதம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினான். குளிக்கப் போனால் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போவான். அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்ல மனம் வரவில்லை. அதற்குப் பிறகு தேநீர்க் கடை, கார் கழுவும் இடம், மாவு மில் என்று எங்கே போனாலும் முடிவில் யாரோ ஒருவர் தோளைத் தட்டி, சிரித்த முகத்தோடு, பாதிப் பேச்சில் அனுப்பிவைத்தார்கள். போ என்று ஒருவரும் சொன்னதில்லை. அவன் ஒவ்வொரு முறையும் காத்திருந்தான்.

எங்கள் முதலாளி ஹோங் அவனைச் சேர்த்துக்கொண்டது இரக்கத்தால் அல்ல. ஒரு பெட்டி நிறைய விரிசல் விட்ட திருகாணிகள் கப்பலேறிப் போய், வாங்கியவர்கள் அதே கப்பலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பரிசோதனை அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். என் கண்களுக்கு வயதாகிவிட்டது. யாவ்தே வந்தான். விளக்குக்கு அடியில் ஓடும் பட்டையில் வெள்ளி மழை மாதிரி திருகாணிகள் போய்க்கொண்டிருக்கும். அவன் விரல் மட்டும் போய், ஒன்றை எடுத்து, சிவப்புத் தொட்டியில் போடும். எடுத்துப் பார்த்தால் தலையில் மயிரிழை போல ஒரு விரிசல் இருக்கும்.

அறைக்குள் நாங்கள் இரண்டே பேர். ஆறு வருடம். பெற்ற மகளோடு கூட நான் அத்தனை மணி நேரம் உட்கார்ந்ததில்லை.

சேர்ந்த முதல் மாதத்திலேயே அவன் ஒரு விஷயம் கேட்டான். “யுன் அக்கா, இங்க எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க, வேற ஒண்ணு நெனைக்கறாங்க. எது எதுன்னு எனக்குத் தெரியலை. உங்ககிட்ட கேக்கலாமா?”

“கேளேன்.”

“எத்தனை மணிக்கு?”

அப்படி ஏற்பட்டதுதான் எங்கள் கேள்வி நேரம். மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம். அவன் போனில் எழுதி வைத்திருப்பதைப் படிப்பான். நான் பதில் சொல்வேன். அந்தப் பத்து நிமிடத்தில் நான் விளையாட்டுக்குக்கூட ஒன்றும் சொல்லக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை. நான் ஒப்புக்கொண்டேன்.

“ஆ-துங் அண்ணன் என்னைப் பார்த்து, இன்னும் உயிரோடதான் இருக்கியான்னு கேட்டாரு. அவருக்கு நான் செத்துடணுமா?”

“இல்லப்பா. அது அவன் வணக்கம் சொல்ற லட்சணம்.”

“அப்போ நான் என்ன சொல்லணும்?”

“நீயும் இன்னும் போகலையான்னு கேளு.”

மறுநாள் கேட்டான். சரக்கு தூக்கும் வண்டி ஓட்டும் ஆ-துங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பாருங்கப்பா, பொம்மைக்கு வாய் வந்துடுச்சு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இருவரும் அதே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள். யாவ்தேவின் முகத்தில் சிரிப்பு வருவது அரிது. அந்த நேரத்தில் மட்டும் உதட்டோரம் சற்று அசையும்.

இப்படிப் போயிருக்கலாம். போன இலையுதிர் காலத்தில் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குபவர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் கூட வந்தாள். முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். எங்கள் அறைக்குள் வந்ததும் வந்தவர்களில் உயரமான ஒருவர் யாவ்தேவைப் பார்த்து ஏதோ கேட்டார். அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். “எல்லாத்தையும் பரிசோதிக்கறீங்களா?”

“இல்லை,” என்றான் யாவ்தே. “வியாழக்கிழமை மூணு மணிக்கு லாரி வரும். அதனால வியாழக்கிழமை மட்டும் பாதிதான் பார்ப்போம். மீதியை யுன் அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவாங்க.”

மொழிபெயர்க்கும் பெண் முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகம் வேக வைத்த இறால் நிறத்துக்கு வந்திருந்தது. எனக்குக் காது மடல் சுட்டது. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை. அவர்கள் போன பிறகு நான் பட்டையை நிறுத்திவிட்டு அவனிடம் திரும்பினேன்.

“உனக்கு அறிவு இருக்கா?”

“இருக்கு. டாக்டர் சோதிச்சுப் பார்த்தாரு,” என்றான்.

சரக்கு வாங்குபவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். மனிதக் கண் வேண்டாம், கேமரா வைத்த இயந்திரம் வேண்டும். முதலாளி கடன் வாங்கி இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தார். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் அது வந்துவிடும். மாதக் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் எனக்குத் தேநீர் ஊற்றியது அதுதான் முதல் முறை.

“யுன்சியா, அந்த மெஷினுக்கு ஒரு ஆள் போதும்.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“நீ இருபத்தோரு வருஷமா இருக்க. அவன் நல்லா வேலை செய்யறவன். என் வாயால எப்படிச் சொல்ல முடியும்? உன் பேரா, அவன் பேரா, நீயே சொல்லிடு. விடுமுறைக்கு முன்னால சொன்னா போதும்.”

அவரும் தோளைத் தட்டிச் சிரிக்கிற ஆள்தான் என்று அன்று எனக்குத் தெரிந்தது. தன் கையில் கறை படாமல் இருக்க என் கையைக் கடன் கேட்டார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. என் வீட்டுக்காரர் முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகு நாற்காலியோடு நாற்காலியாக இருக்கிறார். இந்த வயதில் எந்தத் தொழிற்சாலைக் கதவு எனக்குத் திறக்கும்? ஆனால் யாவ்தேவுக்கு மட்டும் எது திறக்கும்? ஏழு கதவுகள் அவனை வெளியே தள்ளிச் சாத்தியிருந்தன. ஒரு வாரம் நான் சோற்றை மென்றது நினைவில்லை. முதலாளியிடம் எந்தப் பெயரையும் சொல்லவுமில்லை.

அந்த வாரத்தில்தான் யாவ்தே கோழியைப் பற்றிக் கேட்டான்.

ஆண்டு இறுதி விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தைய ஐந்து வருடங்களும் அவன் அதற்கு வந்ததில்லை. கூட்டமும் ஒலிபெருக்கியும் அவனுக்கு ஆகாது. இந்த முறை ஆ-துங்தான் விடாமல், “நீ வரலைன்னா குலுக்கல்ல உனக்கு விழற பரிசை நான் எடுத்துப்பேன்” என்று மிரட்டிச் சம்மதிக்க வைத்திருந்தான். யாவ்தே விருந்தின் ஒழுங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். யார் முதலில் உட்காருவது, கோப்பையை எவ்வளவு உயரம் தூக்குவது, எப்போது எழுந்து போகலாம்.

“கோழித் தலைன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. அது என்ன?”

அன்று என் மனம் அங்கே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “விருந்துல முழுக் கோழி வைப்பாங்க. அதோட தலை யார் பக்கம் திரும்பி இருக்கோ, அவங்க புத்தாண்டுக்கு அப்புறம் வேலைக்கு வர வேண்டாம்னு அர்த்தம். முதலாளி வாயால சொல்லாம, கோழியை வெச்சுச் சொல்றது.”

“வாயால சொல்றதை விட அது தெளிவா இருக்கு,” என்றான்.

மணி அடித்துவிட்டது. அது அந்தக் காலத்து வழக்கம், இப்போது எந்த முதலாளியும் அப்படிச் செய்வதில்லை, சமையல்காரரே தலையைச் சிறகுக்கு அடியில் மறைத்து வைத்துவிடுவார், மேஜையில் எல்லாரும் அதை வைத்துக் கேலி செய்வதோடு சரி. இத்தனையும் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதிலில் பாதியை மட்டும் கொடுத்துவிட்டுப் பட்டையை ஓட விட்டேன். அவன் அதை முழுப் பதிலாக எழுதிக்கொண்டான்.

விருந்து நாள் வந்தது. காலையில் வாசலில் பூமித் தாத்தா என்கிற நிலத்தெய்வத்துக்குப் படையல் போட்டு ஊதுவத்தி ஏற்றினோம். மதியம் முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி, சிவப்பு விரிப்புப் போட்ட வட்ட மேஜைகள் ஆறு. யாவ்தே காது மூடியோடு எனக்கு எதிரில் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஆ-துங். முதலாளியின் மேஜை எங்களுக்கு அடுத்தது.

நான்காவது பதார்த்தமாகக் கோழி வந்தது. மேஜை நடுவிலிருந்த சுழல் தட்டில் வைத்தார்கள். தலை சிறகுக்கு அடியில் ஒழுங்காக மறைந்துதான் இருந்தது. ஆ-துங் அதற்குள் மூன்று கோப்பை சோளச் சாராயம் உள்ளே தள்ளியிருந்தான். சாப்பிடும் குச்சியால் கோழித் தலையை வெளியே இழுத்து நிமிர்த்தி வைத்தான்.

“இந்த வருஷம் யாருக்குப்பா சீட்டு கிழியுது? பாப்போம்,” என்று தட்டைச் சுழற்றிவிட்டான்.

“டேய், உன் பக்கமே நிக்கும்டா, பொறுக்கி,” என்றாள் பெட்டி கட்டும் பிரிவுக்காரி ஒருத்தி.

“நின்னா என்ன, உன் வீட்டுக்கு வந்து படுத்துக்கறேன்.”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தட்டு இரண்டு சுற்றுச் சுற்றி, தளர்ந்து, நின்றது. கோழியின் அலகு யாவ்தேவின் மார்புக்கு நேராக இருந்தது.

மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். யாவ்தே சிரிக்கவில்லை. காது மூடியைக் கழற்றி மடியில் வைத்தான். கோழியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“யுன் அக்கா, இது என்னையா காட்டுது?”

அந்த ஒரு நொடியை எத்தனை முறை திரும்ப வாழ்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இல்லடா, இது வெறும் கூத்து, சாப்பிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அப்போது அடுத்த மேஜையில் முதலாளி கோப்பையைப் பாதி தூக்கிய நிலையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. பத்து நாளாக நான் பதில் சொல்லாத அதே கேள்வி.

“உன்னைத்தான் காட்டுது,” என்றேன்.

பொய் இல்லை. அலகு அவன் பக்கம்தானே இருந்தது. இந்தச் சமாதானத்தை நான் பல நாள் எனக்கே ஊட்டிக்கொண்டேன்.

யாவ்தே எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான். முதலாளி மேஜைக்குப் போய், கோப்பையில் ஆரஞ்சுச் சாறோடு, நான் சொல்லிக் கொடுத்த உயரத்துக்கு இரண்டு கையாலும் தூக்கினான். “முதலாளி, ஆறு வருஷம் வேலை கொடுத்ததுக்கு நன்றி. தெளிவாச் சொன்னதுக்கும் நன்றி.”

முதலாளியம்மா ஒன்றும் புரியாமல் கணவரைப் பார்த்தாள். முதலாளிக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக எழுந்து, தன் கோப்பையை அவன் கோப்பையில் தொட்டார். “நல்லா உழைச்ச யாவ்தே. உடம்பைப் பாத்துக்க.”

ஆ-துங்கின் போதை அப்போதுதான் இறங்கியது. வாசல்வரை அவன் பின்னால் ஓடினான். எங்கள் மேஜைக்குக் கேட்டது.

“டேய், டேய், நான்தான்டா சுத்தினேன். சும்மா விளையாட்டுடா. வந்து சாப்பிடு.”

“நீங்க எதுக்குமே விளையாட்டுன்னுதான் சொல்வீங்க அண்ணா. யுன் அக்கா சொல்லிட்டாங்க.”

யாவ்தே தன் உடைமைப் பெட்டியைத் திறந்து, இன்னொரு சாம்பல் சட்டையையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் ஏறிப் போனான். குலுக்கலில் அவன் எண்ணுக்கு ஒரு மின்விசிறி விழுந்தது. வாங்க ஆளில்லை என்று வேறு எண்ணை எடுத்தார்கள்.

மறுநாள் ஆ-துங் பரிசோதனை அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

“அக்கா, ஒரு போன் போடுங்க. நான் நேத்து ராத்திரியும் கூப்பிட்டுப் பாத்துட்டேன். அவன் பிடிச்ச பிடியா நிக்கறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்பிடுவான்.”

“போடறேன்.”

“எப்போ?”

“புத்தாண்டு முடியட்டும். இப்ப எல்லாரும் அவசரத்துல இருக்காங்க.”

அவன் சொன்னது இன்றும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. “நான் குடிச்சுட்டுச் செஞ்சேன் அக்கா. நீங்க குடிக்கவே இல்லையே.”

அதன்பின் அவன் என்னோடு பேசவில்லை. காலையில் சரக்கு இறக்க வரும்போது யாவ்தேவின் காலி நாற்காலியைப் பார்ப்பான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போவான்.

நான் போன் போடவில்லை. போனை எடுப்பேன், எண்ணை எடுப்பேன், முதலாளி ஊற்றிய தேநீர் நினைவுக்கு வரும், வைத்துவிடுவேன். விடுமுறைக்கு முதல் நாள் முதலாளி என்னைக் கடந்து போகும்போது நின்றார். “இனி நீ பேரு எதுவும் சொல்ல வேண்டாம், யுன்சியா. தானா முடிஞ்சிருச்சு” என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதனின் பிழைப்பு தானாக முடிந்துவிட்டது. புத்தாண்டுக்கு மகள் தைபேயிலிருந்து வந்தாள். அவள் அப்பா மீனைப் பிய்த்து எனக்கு வைத்தார். “ஏன்மா அழற?” என்று மகள் கேட்டாள். முள் குத்திவிட்டது என்றேன்.

புத்தாண்டின் ஆறாம் நாள் வெடி வெடித்துத் தொழிற்சாலையைத் திறந்தோம். இயந்திரம் வந்து நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு கேமராக்கள். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், விரிசல் விட்டவை தாமாகவே தனியே போய் விழுந்தன. என் வேலை, பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது. பகல் சாப்பாடு முடிந்து அந்தப் பத்து நிமிடம் வந்தபோது, இயந்திரத்தின் எதிரே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விருந்து நடந்து இருபத்தாறாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன். ஆறு வருடத்தில் அதுதான் முதல் முறை. அவன் அம்மா வாசலில் பெட்டிகளுக்குப் பசை நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். என்னை யாரென்று சொன்னேன்.

“ஓ, நீங்கதானா யுன் அக்கா,” என்றார். குரலில் வரவேற்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. “தோப்புல இருக்கான். போங்க.”

யாவ்தே தாழ்ந்த கொய்யா மரங்களுக்கு நடுவே நின்று, பிஞ்சுக் காய்களுக்கு ஒவ்வொன்றாக வெள்ளை நுரை வலை மாட்டி, மேலே பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டிருந்தான். காது மூடி இல்லை. அங்கே சத்தமும் இல்லை.

“யுன் அக்கா. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை.”

“தெரியும்ப்பா. ஒரு விஷயம் சொல்ல வந்தேன்.” அவன் பக்கத்தில் போய் நின்றேன். “அந்தக் கோழித் தலை... அது விளையாட்டு. ஆ-துங் சுத்திவிட்டான். முதலாளி வெக்கலை.”

அவன் கை நின்றது.

“கேள்வி நேரத்துல விளையாட்டு சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க.”

“அன்னைக்கு அவசரத்துல பாதிதான் சொன்னேன். அதெல்லாம் அந்தக் காலம். இப்ப யாரும் அப்படிப் பண்றதில்லை.”

“விருந்துல கேட்டேன். என்னைத்தான் காட்டுதுன்னீங்க.”

“சொன்னேன்.”

“ஏன்?”

இந்தக் கேள்விக்கு எழுத்து எழுத்தாகப் பதில் தயாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவன் முன்னால் அதைச் சொல்லாமல் ஒரு கொய்யா இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். அவன் போனை எடுத்தான். ஆறு வருடம் எழுதி வைத்திருந்த பட்டியலைத் திறந்தான். விரலால் தள்ளித் தள்ளி முதல் வரிக்கு வந்தான்.

“அப்போ இதுல எதெது நிஜம்? சாப்டாச்சான்னு கேட்டா அது கேள்வி இல்லை, வணக்கம். இது நிஜமா?”

“நிஜம்.”

“யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, போக முடியலைன்னாலும் சிவப்பு உறையில பணம் வெச்சு அனுப்பணும்.”

“நிஜம்.”

“ஆ-துங் அண்ணனுக்கு என்னைப் பிடிக்கும்.”

“நிஜம்ப்பா.”

“யாராவது அழுதா, உடனே ஏன்னு கேக்கக் கூடாது. முதல்ல தண்ணி கொடுக்கணும்.”

அப்போதுதான் என் கன்னம் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அவன் பட்டியலிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு, வரப்போடு போய், வாளிக்குப் பக்கத்திலிருந்த புட்டியை எடுத்துவந்து நீட்டினான். ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

பிறகு கேட்டான். “முதலாளி என்னைப் போகச் சொல்லலைன்னா, நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா?”

“யாவ்தே...”

“ஏழரை மணிக்கே வந்துடுவேன். மரங்களுக்கு மாட்ட வேண்டியதை அம்மா பார்த்துப்பாங்க.”

“மெஷின் வந்துடுச்சுப்பா. அதுக்கு ஒரே ஒரு ஆள்தான்.”

அவன் யோசித்தான். “அந்த ஆள் நீங்க.”

“ஆமாம்.”

“அப்போ நான் இல்லை.”

“நீ இல்லை.”

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அந்த வசவை நெஞ்சில் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அவன் முகம் தெளிந்தது. நெற்றியில் விழுந்திருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

“அப்போ கோழித் தலை சரியாத்தான் காட்டியிருக்கு. புத்தாண்டுக்கு அப்புறம் எனக்கு வேலை இல்லை. நீங்க சொன்னது நிஜம்தான். விளையாட்டு இல்லை.” நீண்ட மூச்சு விட்டான். “நான் பயந்துட்டேன், யுன் அக்கா. எல்லாத்தையும் அழிக்க வேண்டியிருக்குமோன்னு.”

இல்லை யாவ்தே, அன்றைக்கு அது பொய்தான், இந்த இருபத்தாறு நாள் வாயை மூடிக்கொண்டு அதை நிஜமாக்கியது நான்தான் என்று சொல்லத்தானே அவ்வளவு தூரம் போனேன். அவன் ஏற்கனவே அடுத்த கிளைக்குத் திரும்பியிருந்தான். ஒரு பிஞ்சைத் தாங்கிப் பிடித்து வலையை மாட்டினான். அந்தச் சொற்களை அவனிடம் கொடுத்திருந்தால் அவனிடம் மீதியிருந்த ஒன்றையும் பிடுங்கியதாகிவிடும் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வாசலில் அவன் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஸ்கூட்டர்வரை கூட வந்தார்.

“முன்னாடி எல்லாம் வேலை போனா மாசக்கணக்குல போனைப் பாத்துட்டே கிடப்பான். இந்தத் தடவை மறுநாளே எழுந்து தோப்புக்குப் போனான். தெளிவாச் சொல்லிட்டாங்கம்மான்னு சொன்னான்.” ஒட்டுநாடாத் துண்டு ஒன்று அவர் விரலில் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து எடுத்துக்கொண்டே கேட்டார். “நீங்க அதே மேஜையிலதான உக்காந்திருந்தீங்க?”

“ஆமாம், அக்கா.”

“எனக்குக் கோழித் தலை வழக்கமும் தெரியும், இப்ப யாரும் அதைப் பாக்கறதில்லைன்னும் தெரியும். அவன் வந்து சொன்ன அன்னைக்கே புரிஞ்சுது. நீங்க வருவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேன். ரெண்டு வாரம் பாத்தேன்.”

நான் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“அவன் உங்களை நம்பிட்டிருக்கான். அது அப்படியே இருக்கட்டும். நீங்க இனிமே வர வேண்டாம்.”

அந்தக் குடும்பத்தில் எல்லாருமே தெளிவாகப் பேசுகிறவர்கள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஆ-துங் மட்டும் மாதம் ஒருமுறை போய்வருகிறான் என்று கேள்வி. என்னிடம் அவன் ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. காலையில் பட்டனை அழுத்துகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் திருகாணிகள் ஓடுகின்றன. என் பக்கத்து நாற்காலியை முதலாளி வேறு பிரிவுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.